வளைத்த மூலையும் ரஞ்சினி அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை லண்டன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் நின்றபோது ரஞ்சினி அக்காவின் கணவர் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, அவ போயிட்டா" என்றார். மறுநாள் எங்கள் பல்கலைக்கழகத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தவரை, "கணினி உதவிக்கு என்றும் தயங்காதவர்" என்று இரண்டே வரியில் முடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அக்கா பிரிண்டர் திருத்த வந்தவர் அல்ல. உருகிய பிளாஸ்டிக் போன்ற திரவங்கள் ஓடவும் செய்யும், இழுபட்டால் ரப்பர்போலச் சுருங்கவும் பார்க்கும். அவை ஒரு வாய்க்காலுக்குள் எப்படிப் பாயும் என்று கணினியில் கணிப்பதே அவர் வேலை. அதற்கான நிரலில் பெரும்பகுதி அவர் எழுதியது. விடை அழகாக வந்தால்தான் அவருக்குச் சந்தேகம். "இவ்வளவு வடிவா வருதெண்டால் எங்கையோ பிழை விட்டிருக்கிறம்" என்று முதலிலிருந்து தொடங்குவார். எங்கள் மத்தியானச் சாப்பாடு அதோடு போய்விடும்.

அகன்ற வாய்க்கால் திடீரென ஒடுங்கும் இடத்தில் ஒரு கூரான மூலை இருந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் அங்கே இழுவிசை கட்டுமீறி ஏறும், கணக்கு உடைந்து நிற்கும். திட்டத் தலைவர் மூலையைச் சற்று வளைக்கச் சொன்னார். வளைத்தோம், ஓடியது. வளைப்பது குற்றமில்லை. வளைத்ததை ஆய்வுக் கட்டுரையில் சொல்லவேண்டாம் என்றாரே, அதுதான் அநியாயம். அக்கா கேட்டது, வளைத்தோம் என்ற அந்த ஒரு வரியை மட்டும். தலைவர் மசியவில்லை. நான் இடையில் புகுந்தேன்.

"இந்த முறை சமாளிப்பம் அக்கா."

"கலியாண வீட்டில கறி காணாட்டிச் சமாளிக்கலாம் தம்பி. கணக்கில ஏலாது."

அன்றே கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த திட்டத்தில் அவருக்கு இடமில்லை. கணினிகளைப் பராமரிக்க அனுப்பினார்கள். ஆகவே அந்த மின்னஞ்சல் பொய்யும் அல்ல. அதுதான் இன்னும் எரிகிறது.

தகனத்தன்று தலைவர் என் கையைப் பிடித்து, "பாவம், பெரிதாக எதையும் வெளியிடவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்ன துணிவு! நானோ தலையாட்டினேன்.

பிறகு குட்மேய்ஸிலுள்ள அவர்கள் வீட்டில் அக்காவின் கணவர் தேத்தண்ணி தந்தபடி கேட்டார். "அந்தக் கட்டுரையில உம்மட பேரும் கிடக்கோ, தம்பி?"

"ஓம்."

"அவ தன்ர பேரை எடுத்தது தெரியும். ஆர் ஆர் பேரை வைச்சவை எண்டு கடைசிவரை சொல்லேல்லை."

நேற்று அந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன்: மூலை வளைக்கப்பட்டது, நாங்கள் மறைத்தோம், என் பெயரை நீக்குங்கள். தலைவருக்கும் பிரதி போயிருக்கிறது. இதைச் செய்ய எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது, வெட்கம்!

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த மௌனம். ஒரு நாளாவது வீட்டில் என்னைத் திட்டியிருக்கலாம்.