கத்தாத கம்ப்யூட்டர்

குடியாத்தம் அமிர்தவள்ளிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவள் டெலக்ஸ் அடித்த வேகத்துக்கு ஜெர்மனியில் காகிதம் கிழிந்துபோகும். இங்கே தட்டுவது அங்கே உடனே அச்சாகிவிடும் டெலக்ஸில் தப்பை அழிக்க முடியாது. ஆங்கில ‘ஈ’யை வரிசையாகத் தட்டிவிட்டுச் சரியானதை மறுபடி அடிக்க வேண்டும். கை அதற்கே பழகிவிட்டது.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்தது. ஆர்டரை அதில் எழுதித் திருத்த வேண்டும். வரியைச் சேர்க்க, அழிக்க, தனித்தனிக் கட்டளை. அமிர்தவள்ளி தப்பு செய்ததும் கை தானாக ‘ஈ’க்களைத் தட்டும். புரியாத கம்ப்யூட்டர் கீயென்று கத்தி நின்றுவிடும். அந்தச் சத்தத்துக்கு நெடுஞ்சாலை லாரிகளே ஒதுங்கி வழிவிட்டன.

முதலாளி ரஷீத் அஹமது வந்து நின்றார். “இன்னாம்மா, காலைலருந்து ஒரே பேஜாரு. மெட்ராஸ்ல சொல்லி வெச்சிருக்கேன், இந்த ஆர்டர் ஒழுங்கா போகலன்னா அங்கருந்து வேற ஆள் வரும். நீ பேக்கிங்குக்குப் போயிடு.”

“கத்துறது அதுதான், பாய்.”

“அதுக்கு நான் சம்பளம் குடுக்கலியே.”

அன்று அவள் சோற்றுக்குப் போகாமல் கம்ப்யூட்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். தவறான கட்டளை வந்தால் என்ன செய்வது என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று அதில் இருந்தது. ‘புரியாவிட்டால், அதற்கு நெருக்கமான கட்டளையைச் செய்’ என்று எழுதிவைத்தாள்.

கத்தல் நின்றது. ரஷீத் பாய் நிம்மதியாக டீ குடித்தார். அவளுக்கோ அந்த அமைதிதான் சந்தேகமாக இருந்தது. ஆர்டரை அச்செடுத்துப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் ஷூ முழுக்கக் காணோம். அவள் தப்பாக அடித்த ஏதோ ஒன்றை ‘அழி’ என்று எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் அழித்திருந்தது.

அச்சுத்தாளோடு ஓடினாள். “பாய், அத மறுபடி கத்த வெக்கணும்.”

“வேணாம்மா.”

“இல்லன்னா ஒன்பதாம் நம்பர்காரன் வெறுங்கால்ல நிப்பான்.”

“எத்தினி பேரு?”

“ஜெர்மனில பாதிப் பேரு.”

விட்டுப்போன வரிகளைச் சேர்த்துவிட்டு, புது விதி எழுதினாள். ‘ஈ’க்கள் வந்தால், கடைசியாகச் செய்த மாற்றத்தை மட்டும் பழையபடி ஆக்கிவிடு. வேறு எது புரியாவிட்டாலும் எதையும் தொடாதே, ஒரே ஒரு தடவை கத்து, ‘இதுவா?’ என்று திரையில் கேட்டுக் காத்திரு.

ரஷீத் பாய் தாமே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். கீ. மறுபடி தட்டினார். கீ. ஆர்டரில் ஒரு வரிகூட நகரவில்லை.

“இது யார் தப்பும்மா?”

“இப்ப உங்க தப்புதான், பாய்.”

அவர் ஆர்டரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். “மெட்ராஸ் ஆளு வேணாம்னு டெலக்ஸ் அடிச்சிடு. நாளைக்கு அடிச்சாப் போதும்.”

அவர் நிமிர்ந்தபோது எதிரே யாருமில்லை. பக்கத்து அறையில் டெலக்ஸ் தடதடத்துக்கொண்டிருந்தது.