பின்னால் கட்டிய கை

அறைக்குள் காலெடுத்து வைக்கும்போதே கிளாடிஸின் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்கின்றன. அபிராமபுரத்தில் உள்ள அந்தச் சின்னக் கலைக்கூடத்தில் பத்தொன்பது பீங்கான் கிண்ணங்கள்; அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் கிளாடிஸின் வேலை. பரீட்சை ஹாலில் உலவும் வாத்தியாரைப் போல அவற்றைச் சுற்றி வருகிறார். மூக்குக்கண்ணாடி நழுவினால் மூக்கைச் சுளித்தே மேலேற்றிக்கொள்வார்; கையை மட்டும் எடுக்க மாட்டார்.

“கை முன்னால இருந்தாதானே ‘நீதான் தொட்டே’ம்பாங்க?”

சும்மா வந்த பழக்கம் இல்லை இது. மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு கூடத்தில் கண்ணாடிப் பறவை ஒன்று விழுந்து நொறுங்கியது. கிளாடிஸ் நின்றிருந்தது வாசற்படியில். ஆனாலும் “ரூம்ல நீதானே இருந்தே?” என்ற ஒரே கேள்வியில் வேலை போயிற்று. ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு முறை வேலை தேடி அலைய அவருக்குத் தெம்பில்லை.

கிண்ணங்கள் எஸ்டோனியாவிலிருந்து வந்தவை. “மேப்புல காட்டினாங்க. மேல, ஒரேடியா மேல கீது.” ஒன்றுக்குக்கூட விளிம்பு நேராக இல்லை. அடுத்த வீட்டுச் சுவர்போல எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். “இதுல இன்னாத்த ஊத்துவாங்க?” என்பதுதான் கிளாடிஸ் அவற்றுக்கு எழுதிய விமர்சனம்.

கண்காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சுற்றிப் பார்த்தார், யாருமில்லை. ஜன்னலோரக் கிண்ணத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. வாசலில் இருந்த காவலாளி இசக்கிமுத்துவிடம் போய்ச் சொன்னார்.

“பல்லியா இருக்கும்மா.”

“பல்லி கோடு போடுமா அண்ணே?”

மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் எண்ணிக்கை விட்டுப்போனது. கிண்ணங்கள் வந்திறங்கிய அன்று எடுத்த படங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. திருப்பி அனுப்பும்போது அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பது கிளாடிஸுக்கு நன்றாகத் தெரியும். கூடத்தின் சொந்தக்காரி மதுவந்தி நல்லவர்தான். பழைய முதலாளியும் நல்லவராகத்தான் இருந்தார். அதனால் கிளாடிஸ் வாயைத் திறக்கவில்லை. ‘டிங்’ வெளியே கேட்காமலிருக்க, கடகடவென்று ஓடும் பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து போட்டார். பார்வையாளர்கள் வந்தால் இருமினார். சாந்தோம் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு நியாயமான விண்ணப்பமும் வைத்தார்: “வெடிக்கறதா இருந்தா அது ஊருக்குப் போயி வெடிக்கட்டும் மாதாவே.”

மாதா என்ன நினைத்தாளோ, சனிக்கிழமை காலை கிண்ணங்களைச் செய்த மாரெத் என்ற பெண்மணியே நேரில் வந்து நின்றார். கூடவே மதுவந்தி.

“அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கோ, கிளாடிஸ்.”

நிறுத்தினார். அறை அமைதியானது. கிளாடிஸ் ஒருமுறை இருமினார், இன்னொரு முறை இருமினார். மூன்றாவது இருமலுக்கு மூச்சு இழுப்பதற்குள் ‘டிங்’.

“நான் தொடல மேடம்! மாதா மேல சத்தியமா தொடல. தன்னால வெடிக்குது. பத்து நாளா வெடிச்சிக்கினே கீது!”

மாரெத் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மதுவந்தியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

“அடடா, நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?” என்றார் மதுவந்தி. “வெடிக்கத்தான் செய்யணும். சூளையிலேர்ந்து எடுத்து வருஷக்கணக்கா மேல்பூச்சு விரிசல் விட்டுண்டே இருக்கும். நம்ம ஊர் ஈரத்துல ஜாஸ்தி. அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் இவா வந்திருக்கா. எது நிறையப் பாடறதுன்னு உங்களைக் கேக்கறா.”

பத்து நாள் தூங்காததற்கு ஓர் அடடா. கிளாடிஸுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு மோவாயால் காட்டினார்.

“ஜன்னலாண்ட கீதே, அது. காலைல மட்டும் ஏழு தபா.”

மாரெத் அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்து கிளாடிஸ் முன்னால் நீட்டினார்.

“வாங்கிக்கோங்கோ, பரவால்ல” என்றார் மதுவந்தி.

கிளாடிஸ் கிண்ணத்தைப் பார்த்தார். கோத்திருந்த விரல்கள் பிரிந்து இடுப்புவரை வந்தன. அங்கேயே தயங்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயின. கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டே குனிந்து, கிண்ணத்தின் வாயருகே காதைக் கொண்டுபோனார்.