சமையலறைச் சுவரில் ஒரு பொள்ளல்

மழைக்காலம் முடிந்தபோது சமையலறையின் வெளிச்சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. ஆள் வைத்துச் சரிசெய்யலாம் என்று மனைவி சொன்னாள். அது ஃபிட்டரின் காதில் விழவே இல்லை.

நெசவாலையில் ஆயுசு முழுக்கத் தறிகளுக்கு நடுவே ஓடிய மனிதர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு ஃபிட்டர் என்றுதான் பெயர். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக டமாரச் செவிடாகிக்கொண்டிருக்க, இவர் மட்டும், "நான் பஞ்சு வச்சுக்கிட்டேன், என் காது அப்படியே இருக்கு" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார். அவர்களைக் கிண்டல் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு, இடது காது போய்விட்டது, வலது காதும் அரைகுறைதான் என்று யாரிடம் சொல்வது? மனைவியிடமும் மறைத்தார். தலையாட்டுவது, புருவத்தை உயர்த்துவது, பொத்தாம்பொதுவாக ஒரு "ம்" போடுவது என்று ஒரு வருஷமாகச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

மனைவியும் சமீபத்தில் பேச்சைக் குறைத்துவிட்டாள். முதலில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பரிமாறிவிட்டு அவள் தன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்காருவது போகப்போக உறுத்தியது. என்ன விஷயம் என்று கேட்டால், அவள் சொல்லும் பதில் காதில் விழாமல் போய் மாட்டிக்கொள்வோமே என்று அதையும் கேட்காமல் விட்டார்.

சுவருக்கு வருவோம். எதையும் பிரித்துப் பார்த்தால்தான் ஃபிட்டருக்குத் தூக்கம் வரும். பூச்சு ஏன் உப்புகிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விட மனசில்லை. சாந்துக் கரண்டியைக் கையால் தொட்டதில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு காரணமே இல்லை.

ஹார்டுவேர் கடைக்காரர் சிமெண்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "முதல்ல சுத்தியால தட்டிப் பாருங்க சார். உள்ள பொள்ளலா இருந்தா டொப்புன்னு கேக்கும். கெட்டியா இருந்தா டக்குன்னு கேக்கும். பொள்ளல் இருக்கிற வரைக்கும் வெட்டி எடுத்துடணும். இல்லேன்னா நிக்காது." கடைக்காரர் ஊருக்கே கேட்கப் பேசும் ஆசாமி. ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

தட்டினார். ஜன்னலுக்குக் கீழே தட்டினார், ஓரத்தில் தட்டினார், பார்வைக்கு நன்றாக இருந்த இடத்திலும் தட்டினார். எல்லாம் பஞ்சு மூட்டையில் தட்டுவது போல ஒரே மாதிரி இருந்தது. மனைவியைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் சதுரமாக வெட்டிவிட்டு, இவ்வளவுதான் என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

மற்றதெல்லாம் சிரத்தையாகத்தான் செய்தார். மணலைச் சலித்தார். செங்கல்லில் தண்ணீர் தெளித்து, அது குடித்துக்கொண்டே இருந்ததை வாய்பிளந்து பார்த்தார். கலவையை அப்பினால் தொப்பென்று விழுந்தது. தண்ணீர் கூடினால் வழிந்தது. மணிக்கட்டைச் சுண்டி வீசினால் மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டது. அது கைவந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பலகையால் வட்டமாகத் தேய்த்து, சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சாக்கைத் தூக்கிக் காட்டினார்.

நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் பார்த்தால், படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி புதுச் சதுரத்தைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது. விரலால் தொட்டார். பக்கத்துப் பழம்பூச்சு ஒரு பாளமாகக் காலடியில் வந்து விழுந்தது.

அவமானத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகம். தான் பூசியது நிற்கிறது. நல்லது என்று நம்பி விட்டது விழுந்திருக்கிறது. அப்படியானால் மிச்சத்தில் எது நிற்கும், எது விழும்? ஆலை இரைச்சலில் எந்தத் தறிக்குக் கோளாறு என்று காதை வைத்தா கண்டுபிடித்தார்? தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வே சொல்லிவிடுமே. இடது கையைச் சுவரில் பரப்பி, பக்கத்தில் சுத்தியால் தட்டினார். கைக்குக் கீழே பூச்சு நடுங்கியது. தள்ளிப் போய்த் தட்டினார், அசைவே இல்லை. இந்த மரமண்டைக்கு முதலிலேயே தோன்றவில்லையே என்று தன்னைத் திட்டிக்கொண்டு, சாக்பீஸால் எல்லைக்கோடு இழுத்துக்கொண்டே போனார்.

மனைவி வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவருடைய வலது பக்கம் வந்து தோளைத் தொட்டாள்.

"கையை எதுக்கு வச்சுப் பாக்கறீங்க? உள்ள அடுப்புகிட்ட நிக்கும்போதே எனக்குக் கேக்குதே. அன்னிக்கே ஜன்னல் மூலை வரைக்கும் டொப்பு டொப்புன்னு கேட்டுச்சு. அப்புறம் ஏன் இத்தனூண்டு வெட்டினீங்க?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஜன்னல் வழியா சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

வழக்கமான சமாளிப்பு வாய் வரைக்கும் வந்தது. காலடியில் கிடந்த பாளத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கேக்கலம்மா" என்றார். "அன்னிக்கு மட்டும் இல்ல, ஒரு வருஷமாவே. இந்தக் காது போயிடுச்சு. இதுவும் பாதிதான்."

சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் சுத்தியை வாங்கி, காதைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே போய், தனக்குக் கேட்ட எல்லையைத் தானும் கோடாக இழுத்தாள். ரெண்டு கோடும் ஜன்னல் மூலை வரை ஒட்டியே போயின.

"பாத்தியா, கையும் காதும் ஒரே பேச்சு பேசுது" என்று குதூகலமாக ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"மழை பெஞ்சுக்கிட்டிருந்த ஒரு நாள், விளக்கை அணைச்சப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"நான் உங்களுக்குச் சலிச்சுப் போயிட்டேனான்னு கேட்டேன். நீங்க வாயே திறக்கல. சரி, அதுதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் ஃபிட்டரின் கண்முன் வந்தது. எல்லாம் தன் வீம்பால் வந்த வினை. இடது காதைத் தொட்டுக் காட்டி, "நீ படுக்கறது இந்தப் பக்கம்லம்மா" என்றார். பிறகு வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"இப்ப கேளு."

இந்த வயதில் தெருவே பார்க்க நின்றுகொண்டா என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அவர் காதோரம் கேட்டாள்.

"இல்ல" என்றார் ஃபிட்டர். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.