மறைக்க ஒரு கை

சிரிப்பு வருவதற்கு முன்பே மார்லீஸின் இடது கை வாய்க்குப் போய்விடும். எதிரே இருப்பவர் வேடிக்கைக் கதையைப் பாதிதான் சொல்லியிருப்பார், அதற்குள் நான்கு விரலும் உதட்டை மூடிவிடும். அதன் பின்னால்தான் சிரிப்பு. பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு முன்யோசனை ஆகாது.

மேல்வரிசையில் இரண்டு பல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்துப் பல் இடமில்லாமல் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் விடை தெரிந்தாலும் மார்லீஸ் கை தூக்க மாட்டாள். அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது. மதியத்துக்குக் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கடிபடாமல் பையோடு வீடு திரும்பும்.

"இன்னிக்கும் தொடலையா? நாளெல்லாம் பட்டினி கெடக்கிறியே, உனக்கு என்னதான்டி ஆச்சு?" என்பாள் அம்மா.

"பசிக்கலம்மா." பசி வயிற்றைக் கிள்ளும்போதும் இதே பதில்தான்.

"பால்பல்லு இன்னும் ரெண்டு விழட்டும், கிளிப் போட்டுக்கலாம். என்ன அவசரம்?" என்றார் பல் டாக்டர். அவருக்கென்ன, அவர் கோல்பியோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போகிறவரா? அந்தப் பயல் போன வருடம் முழுக்க, "ஏய் முயலு, கேரட் வேணுமா?" என்று கேட்டவன்.

ஆகஸ்ட் பிறந்தாலே மார்லீஸுக்குப் பயம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அதுதான் மக்காச்சோளம் முற்றும் மாதம். தேவாலயப் புல்வெளியில் ஊரே கூடி உட்காரும். அவித்த கதிரை வெண்ணெயில் முக்கிக் கையில் கொடுப்பார்கள். கத்தியால் சீவித் தின்றால் கேலிதான். கதிரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அப்புறம் வாயை எதை வைத்து மறைப்பது?

இந்த வருடம் அவள் முன்னால் கதிர் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று வயதுத் தங்கை ட்ரீனா. எதிர் பெஞ்சில் கோல்பி.

"என்ன முயலு, சோளம் எறங்கலையா? கேரட்டுதான் வேணுமா?"

பெஞ்சே சிரித்தது. மார்லீஸின் கை தானாக வாய்க்குப் போயிற்று. ஒன்றும் புரியாமல் ட்ரீனாவும் சேர்ந்து சிரித்தாள், குட்டி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தக் கைக்குப் பின்னால் இருந்தவை அரிசி கோத்தாற்போல ஒழுங்கான பற்கள்.

"அடடே, அக்கா மாதிரியே பண்ணுது பாரு!" என்று ஒரு சித்தி பூரித்தாள்.

"ஒரு வாரமா இப்படித்தான்" என்றாள் அம்மா.

கோல்பியிடம்கூட மார்லீஸ் இப்படிப் பயந்ததில்லை. சின்னவளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். விளையாட்டென்று நினைத்து ட்ரீனா மறு கையால் பொத்திக்கொண்டாள். அதையும் பிடிக்க, மார்லீஸ் தன் வாயை மூடியிருந்த கையை எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்தாள்.

"கைய எடுத்துட்டுச் சிரி, ட்ரீனா" என்றாள். தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கோல்பி பார்த்துக்கொண்டிருக்கவே, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக் காட்டினாள். "இப்படி."