சரியும் கரையில் கடைசி வட்டம்

“உசுரோட இருக்கறவனுக்குச் சட்டினி இல்ல, செத்துப்போனவனுக்கு அளவெடுக்கக் காலங்காத்தால கெளம்பிட்டா.”

எங்கள் வீட்டுக்காரர் இதைச் சொன்னது என்னிடம் அல்ல, சுவரில் தொங்கும் காலண்டரிடம். சட்டினி ஃபிரிட்ஜில் இருக்கிறது, கதவைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் என்று நானும் காலண்டரிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சரிகிற கரையில் பழங்காலத்தை அளக்கும் தொழிலுக்கு ஒரே விதிதான்: நேற்று எதை அளக்காமல் விட்டோமோ, அதுதான் இன்றைக்குத் தண்ணீருக்குள் கிடக்கும். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற பாவப்பட்டவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேரள எல்லைக்குள், எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் அணையில் கோடைக்குத் தண்ணீர் இறங்கினால், கரையோரம் கல்வட்டங்கள் தலைகாட்டும். பெரிய கற்களை வட்டமாக நட்டு, நடுவே இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். பக்கத்திலேயே நீளமாக ஒரு பழைய மண்மேடு. அலை அடித்து அடித்து மேட்டில் பாதியைத் தின்றாயிற்று. இதையெல்லாம் வரைபடமாக்கப் பாலக்காட்டிலிருந்து வரும் பிந்து டீச்சருக்கு, தோட்டக்காரர்களிடம் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் வாய் அவருக்குப் பிடித்துவிட்டது. விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் கடைசி வட்டத்தை, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். அதற்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

சிவப்புக் குச்சிகள்

நேர்கோடு பிசகாமலிருக்க, சிவப்புச் சாயம் அடித்த குச்சிகளை நட்டுவிட்டு வந்தோம். மறுநாள் போனால் ஒன்றுகூட இல்லை. வட்டத்துக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் சரசாக்காவின் அடுப்பில் ஒரு சிவப்பு நுனி எரிந்துகொண்டிருந்தது. ரோடு வருகிறது, நிலம் போகிறது என்று அக்கா தானே முடிவு கட்டிவிட்டாள். நிலமெடுக்க வருகிறவர்கள் முதலில் நடுவது குச்சியைத்தான், கேரளாவில் அதைக் கண்டால் யாரும் பிடுங்கத்தான் செய்வார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் மழை எங்களுக்காகக் காத்திருக்குமா? நிலமெடுப்பு இல்லை, பழைய கல்லைத்தான் வரைகிறோம், உங்கள் தோட்டத்தில் ஒரு பிடி மண்கூடப் போகாது என்று தொண்டை வறளப் பேசினேன். காப்பி கொடுத்து முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் எரிந்துகொண்டிருந்த குச்சியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

“குச்சி நடற எல்லாரும் மொதல்ல சும்மா அளக்கறோம்னுதான் அம்மிணி சொல்லுவாங்க.”

விரிசல்

புதுக் குச்சி நட்டு வேலை மறுபடி தொடங்கியது. விளிம்புப் பக்கம் டேப்பைப் பிடிப்பது நான். குனிந்து முனையைக் கல்லில் வைக்கிறேன், எனக்கும் கரைக்கும் நடுவே தரையில் முடி போல ஒரு கோடு. நான் பார்க்கப் பார்க்க அது விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. தண்ணீர் இருந்ததோ என் பக்கம். கான்வென்டில் சிஸ்டர்கள் உருப்போட வைத்த ஜெபங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வாயில் வந்தன. நான் தாண்டிக் குதித்த பிறகுதான் மண் பொத்தென்று விழுந்தது, அது கடவுள் புண்ணியம். ஆனால் குதிப்பதற்கு முன்னால், மண் பிளக்கிறது டீச்சர் என்று நான் சொன்னபோது அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே மலையாளத்தில் சொன்னது இதுதான்:

“ஒரு நிமிஷம் சேச்சி, டேப்பை மட்டும் விட்டுடாதீங்க.”

ஆறுச்சாமியண்ணன் செய்த உதவி

கரையோரத் தோட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வானம் இருண்டால், தண்ணீரோரம் வைத்த மோட்டாரைக் கயிறு கட்டி டிராக்டரில் இழுத்து மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். போன வெள்ளிக்கிழமை நன்றாகவே இருட்டியது. சரசாக்கா வீட்டுக்காரர் ஆறுச்சாமியண்ணன் மோட்டாரை ஏற்றினார். கையோடு எங்கள் வட்டத்துக் கற்களையும் ஏற்றிவிட்டார். நாங்கள் அதுவரை பாதி வட்டம்தான் அளந்திருந்தோம்.

சனிக்கிழமை போனால் கற்கள் அவர் களத்தில் சாக்கு போர்த்திப் படுத்திருக்கின்றன. அவை நின்ற குழிகளையாவது அளந்துவிடலாம் என்று கரைக்கு ஓடினோம். மாட்டுக் கால் மாட்டிக்கொள்ளும் என்று குழிகளை மூடி, மேலே டிராக்டரையும் ஓட்டிச் சமன் செய்து வைத்திருந்தார். எது எங்கே நின்றது என்று ஆண்டவனுக்கே தெரியாது. டீச்சர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் களத்துக்குத் திரும்பிப்போய் அண்ணனிடம் கத்தினேன்: கல் பெரிதில்லை, அது நின்ற இடம்தான் பெரிது, இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் கல். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். முகம் வாடிவிட்டது. எங்களுக்கு நல்லது செய்த நினைப்பில் இருந்தவர்.

“ஏனுங்க, ஊடு பத்தி எரியறப்ப, கொழந்தை எங்க படுத்திருந்துச்சுன்னு அளந்துட்டுத்தான் தூக்குவீங்களா?”

நீலக்குறிகள்

இப்போது மழை பிடித்துவிட்டது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. டீச்சரின் தாளில் பாதி வட்டம் இருக்கிறது, மீதி வெள்ளை. ஒரே ஒரு வழிதான் பாக்கி. அந்தக் கரையில் நின்று படம் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. கல்யாண ஜோடி, புது பைக், பரிசு வாங்கிய கிடாய் என்று எல்லாம் அந்தக் கற்களில் சாய்ந்து நின்றவைதான். படம் கிடைத்தால், பின்னால் தெரிகிற கற்களை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் டீச்சர். எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுவில் நேற்றே போட்டேன், தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. எல்லோரும் பார்த்துவிட்டதாக நீலக்குறி காட்டுகிறது. ஒரு படம்கூட வரவில்லை.

செத்தவர்கள் எந்தக் காலத்திலிருந்தோ வைத்த இடத்தில் சத்தமில்லாமல் கிடந்தார்கள், காப்பாற்ற வந்த நாங்கள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டோம்.

இன்று மறுபடியும் போட்டிருக்கிறேன்: “அணைக்கரைக் கல்லுகிட்ட நின்னு போட்டோ எடுத்தவங்க யாரா இருந்தாலும் அனுப்புங்க, மூஞ்சி நல்லா விழாட்டியும் பரவால்லீங்க, பின்னால கல்லு தெரிஞ்சாப் போதும்.”