எதிர்ப்பக்கம் காலியாக இருந்த சாப்பாட்டு மேசை

வத்தல் நெடி மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா வீட்டு டிவி ஞாபகத்துக்கு வந்துவிடும். கரிசல்காட்டு மிளகாய் காய்ந்து வீட்டுக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெட்டிக்கு முன்னால் வத்தலைக் குவித்து, வெளுத்துப்போன ‘சோடை’யைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டே, எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு கூட்டுக்குடும்பச் சிரிப்பு நாடகம் பார்ப்பார்கள். தும்மலில் பாதி வசனம் போய்விடும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் கதையை ஒட்டவைக்க வேண்டும்.

அந்த நாடகத்து வீடு ஓர் அதிசயம். ரோஸ் கலர்ச் சுவர், பச்சைத் திரை, நடுக்கூடத்தில் ஃபிரிட்ஜ். மாடிப்படியில் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. சண்டை போட மட்டும் இறங்கி வருவார்கள். தூங்கி எழுந்து வருகிற மாமியார் கழுத்தில்கூட நகை மின்னும். இத்தனை வசதி இருந்தும், சாப்பிட உட்கார்ந்தால் குடும்பமே மேசையின் ஒரே பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காரும். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கும். ஏன் என்று கேட்டதற்குப் பெரியப்பா, “அந்தப் பக்கம் நமக்கு விட்டிருக்காவ, ஏட்டி” என்றார். நான் நம்பினேன்.

அந்த மிளகாய்க் காலத்தில்தான் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பெரியம்மா மகள் செல்வி அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கக் கோவில்பட்டிக்குப் போனபோது, அம்மாவைக் கூப்பிடாமல் போய்விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். “அக்காவே என்னக் கூப்பிடல. நிச்சயத்தன்னைக்கும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டிலேயே இருக்கிற சித்தி வராமல் தட்டு மாற்றினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று செல்வி அக்கா சாப்பிடாமல் அழுதாள். எனக்கும் அழுகையாக வந்தது.

ஆனால் நாடகத்தை எப்படி விடுவது? அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். படிக்கு வெளியே பாயைப் போட்டு, மடியில் சுளகு நிறைய வத்தலோடு அங்கிருந்தபடியே பார்ப்பாள். அன்றைய கதையிலும் மூத்த மருமகளுக்கும் இளையவளுக்கும்தான் சண்டை.

“மூத்தவன்னா ஒரு வார்த்த கூப்பிடக் கூடாதாக்கும்?” என்றாள் அம்மா, டிவியைப் பார்த்து.

“சின்னவளுக்கு உரிம இருந்தா அவளா வர வேண்டியதுதான?” என்றாள் பெரியம்மா, அதே டிவியிடம்.

திரையில் இளையவள் மூத்தவளின் அறைக்கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. இடி இடித்தது. மூத்தவளின் முகத்தை மூன்று தடவை காட்டினார்கள். அவள் வாயைத் திறக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது.

“என்ன சொல்லிருப்பா?” என்றாள் செல்வி அக்கா.

பெரியம்மாதான், சோடை பொறுக்குகிற கையை நிறுத்தாமல், “என்ன சொல்லிருப்பா? ‘ஏதோ புத்தியில்லாம ஒன்ன விட்டுட்டுப் போயிட்டேன், உள்ள வந்து உக்காரு’ன்னுதான் சொல்லிருப்பா” என்றாள்.

“மூத்தவ அப்படிச் சொன்னா, சின்னவ வரமாட்டேன்னா சொல்லுவா?” என்று அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே வந்தாள். பெரியம்மா நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வத்தலை வைதார்கள். நிச்சயத்தன்று அம்மா முன்னால் நின்று எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியதோடு, சேலையின் கலர் சரியில்லை என்றும் சொல்லித் தீர்த்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் செல்வி அக்காவுக்குக்கூட இருந்திருக்காது.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. வத்தல் கடையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. பெரியம்மாவும் இல்லை. போன மாதம் அந்த நாடகம் போனில் தற்செயலாக அகப்பட, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கதவு திறந்தது, இடி இடித்தது, முகம் மூன்று தடவை வந்தது. மூத்தவள், “ஒன் சங்காத்தமே வேண்டாம், போ!” என்று கதவை அறைந்து சாத்தினாள். பின்னணியில் யார் யாரோ சிரித்தார்கள்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

“தப்பா எடுத்திருக்கானுவ. அக்கா அப்படிச் சொல்லல.”