எல்லாம் பெஸ்டிவல் சார்

ராயபுரம் ஜெரால்ட் வெள்ளைக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறவர். தொழில் என்று பார்த்தால் டிரைவர்தான். ஆனால் அவர் அதை ஒரு பதவியாகவே வகித்து வந்தார். நீலாங்கரையில் கடலைப் பார்த்த வீடுகளில் குடியிருக்கும் வெளிநாட்டு எஞ்சினியர்களைக் காலையில் ஏற்றி, எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோய் இறக்கி, மாலையில் பத்திரமாகத் திருப்பிச் சேர்க்க வேண்டும். வழி நெடுக கன்டெய்னர் லாரி நெரிசல். பின்சீட்டில் இருப்பவருக்குப் போனில் பேசுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் உலக விவகாரங்களில் ஜெரால்டுக்கு இருந்த தேர்ச்சி, ராயபுரத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. எந்த நாட்டில் தேர்தல், எந்த வான்வழியை மூடிவிட்டார்கள், அமெரிக்கா எதற்கு வரி போட்டது, விசாவைப் புதுப்பிக்க யாரைப் பார்க்க வேண்டும், அடையாறில் எந்தக் கடையில் நாறாத சீஸ் கிடைக்கும், எந்தக் கடையில் நாறுகிற சீஸ் கிடைக்கும் என எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அவங்களுக்கும் நமக்கும் ஒரே கவலதான் பிலோமி" என்று மனைவியிடம் சொல்வார். "தண்ணி லாரி வருமா, கரண்டு போவுமா, புள்ளைக்கு இஸ்கூல்ல சீட்டு கெடைக்குமா. இன்னா, அவங்க அத்த இங்கிலீசுல கவலப்படுறாங்க."

இப்போதைய சார் நெதர்லாந்துக்காரர். பெயர் ஹென்ட்ரிக். ஜெரால்டின் வாயில் அவர் ஹென்றி சார் ஆகிவிட்டார். துறைமுகத்தில் நிற்கும் ராட்சதக் கிரேன்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் பார்க்கிறவர். நல்ல மனிதர். ஏறும்போது ஒரு வணக்கம், இறங்கும்போது ஒரு நன்றி. இவை போக "சாப்டாச்சா?" என்ற ஒரு சொல். அவருடைய தமிழ் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர் துறைமுகம் முழுவதையும் நண்பராக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர்களுக்கு வண்டி ஓட்டுவதில் ஒரு தொழில் தர்மம் உண்டு. அதை ஜெரால்டுக்குப் போதித்தவர் தண்டையார்பேட்டை ரஷீது. அவரும் அதே வேலைதான் பார்க்கிறார். ஜெரால்டின் பழைய சார் ஒருவர், வழியில் சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று ஒருநாள் கேட்டார். ஜெரால்ட் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த மனிதர் பத்து நாளில் பெட்டி கட்டிவிட்டார். ஜெரால்ட் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் ரஷீது வந்து உபதேசித்தார்.

"நீ இன்னா மாமு, சாருக்கு நியூஸ் வாசிக்கிறியா? ரோட்டுல கும்பலு கீதா, பெஸ்டிவல் சார். கும்பலு இல்லாம வண்டி நிக்கிதா, ட்ராபிக் சார். இதுக்கு மேல ஒரு வார்த்த பேசுன, பேஜாராயிடும்."

அன்று முதல் வடசென்னையில் நாள்தோறும் திருவிழாதான். குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களோடு பெண்கள் நின்றால் பெஸ்டிவல். சாவு ஊர்வலம் போனால் பெஸ்டிவல், அதுவும் பூவோடு. சாத்தாங்காட்டில் இரும்பு லாரிக்காரர்கள் சண்டை போட்டால் அது கொஞ்சம் உற்சாகமான பெஸ்டிவல். எண்ணூர் நெருங்கும்போது மூக்கைப் பிடுங்கும் அந்த ஆலை வாடைக்கு மட்டும் ஜெரால்ட் தனியாக ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "பெர்டிலைசர் சார். வெரி குட் ஃபார் ப்ளான்ட்ஸ்."

ஹென்றி சார் தன் மனைவி மார்லீனுக்கு இதையெல்லாம் போனில் வியந்து சொல்வார். இவ்வளவு பக்தியுள்ள ஜனங்களை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்பார். முன்சீட்டில் ஜெரால்ட் அடக்கமாக ஹாரன் அடிப்பார்.

வினை திருவொற்றியூரில் காத்திருந்தது. அந்த வாடை ஒருநாள் அளவுக்கு மீறி வந்து, பிள்ளைகள் மூச்சுத் திணறி, பள்ளிக்கூடங்களை மூடவேண்டியதாயிற்று. எந்த ஆலையிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் ஜனங்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மளிகைக்கடை மாசானம் மைக் பிடித்தார். தெற்கேயிருந்து வந்து திருவொற்றியூரில் கடை போட்டவர். அவர் கடையின் கடனுக்குக் கட்டுப்படாத வீடு அந்த வட்டாரத்தில் இல்லை. கூப்பிட்டதும் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

கார் நின்றது. ஹென்றி சார் ஜன்னலை இறக்கினார்.

"என்ன இது, ஜெரால்ட்?"

ஜெரால்டின் வாய் யோசிக்கவில்லை. பழக்கம் யோசிக்கவிடாது. "பெஸ்டிவல் சார்."

"எந்தச் சாமி?"

"அம்மன் சார். வெரி பவர்புல்."

வழக்கமாக சார் தலையாட்டிவிட்டுப் போனுக்குத் திரும்பிவிடுவார். அன்று போனில் சார்ஜ் இல்லை. வரலாறு இப்படிப்பட்ட அற்பக் காரணங்களால்தான் திசைமாறுகிறது. சார் கதவைத் திறந்து இறங்கினார். சாமி காரியம் என்பதால் ஷூவைக் கழற்றிக் காரிலேயே விட்டார். "நோ சார், ட்ராபிக் சார்" என்று ஜெரால்ட் கத்தினார். அது காலம் கடந்த ட்ராபிக். சார் வெறுங்காலோடு கும்பலுக்குள் போய், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்களே என்று தாமும் சம்மணம் போட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார். கைகூப்பினார். கண்ணையும் மூடினார்.

ஜனங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மாசானம் ஓடிவந்து ஒரு துண்டைப் போர்த்தி மைக்கை நீட்டினார். சார் தமக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் அம்மனுக்குச் சமர்ப்பித்தார்: "வணக்கம். நன்றி. சாப்டாச்சா?"

"நம்ம ஆபீசருங்க ஒருத்தன் கேட்டானா இத்த!" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செல்போன்கள் உயர்ந்தன.

சாயங்காலத்துக்குள் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. துண்டு போர்த்திய வெள்ளைக்காரர், அவர் தலைக்கு மேல் "மூச்சு விட விடு" என்ற பதாகை. கீழே எழுதியிருந்த வாசகம்: மக்களோடு அமர்ந்த சர்வதேச நிபுணர்.

ரஷீது போன் செய்தார். "மாமு, உங்க சாரு புரட்சி பண்ணிக்கினு கீறாரு, நீ இன்னா பண்ணிக்கினு கீற?"

"நான் பெஸ்டிவல்னு சொன்னேன்பா."

மறுமுனையில் ரஷீது, ஒரு குருவுக்குரிய பொறுப்புணர்வோடு, "எம்பேர சொல்லிடாத தோஸ்து" என்று வைத்துவிட்டார்.

விசாவில் வந்தவர் போராட்டத்தில் உட்காரக் கூடாது. வெளிநாட்டவர் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும், திருப்தியான பதில் இல்லையென்றால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நீலாங்கரை வெளிநாட்டுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அதுவரை ஒரு பூனைக்குட்டியை யார் வளர்ப்பது என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. அது அப்படியே நின்றது. ஒருவர் வக்கீல் நம்பர் அனுப்பினார். ஒருவர் தூதரகத்தைக் கூப்பிடு என்றார். ஒருவர், நீங்கள் போவதானால் அந்தப் பெரிய ஃபிரிட்ஜ் எனக்கு என்று மிகுந்த வருத்தத்தோடு எழுதினார். சார் இதையெல்லாம் காரில் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஜெரால்ட் ஒரு ஹாரன் அடித்தார்.

"எனக்கு ஒன்றுதான் புரியவில்லை ஜெரால்ட்" என்றார் சார். "சாமி கும்பிட்டது எப்படிக் குற்றமாகும்?"

ஜெரால்ட் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியை உற்றுப் பார்த்தார். பின்னால் லாரி எதுவும் இல்லை.

மார்லீன் மேடம் அட்டைப்பெட்டிகளில் பீங்கான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெரால்டைப் பார்த்ததும், தாம் சுட்ட ஆப்பிள் கேக்கை ஒரு டப்பாவில் போட்டு, "உங்கள் மகளுக்கு. நீங்கள் மட்டும்தான் இங்கே எங்களிடம் உண்மையாக இருந்தீர்கள்" என்று கொடுத்தார். வசவாக இருந்திருந்தால் ஜெரால்ட் தாங்கியிருப்பார். இது கேக்.

வீட்டில் மகள் மகிமா அதை இருமிக்கொண்டே தின்றாள். அந்த வாடை ராயபுரம் வரைக்கும் வந்திருந்தது.

"நீயும் ஒரு துண்டு துன்னுயா" என்றாள் பிலோமி.

"எறங்கல."

"பொய்ய முழுங்குன தொண்ட, கேக்கு எறங்கலையா? போய் பாதர்கிட்ட சொல்லு."

ஜெரால்ட் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதர், "எத்தன தடவ பொய் சொன்ன?" என்று முறைப்படி கேட்டார்.

"போவும்போதும் வரும்போதும் பாதர். ஞாயித்துக்கெழம லீவு."

முழுக்கதையும் கேட்ட பாதருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். அது இருமல்தான் என்று ஜெரால்ட் நம்பிக்கொண்டார். "அவர் கிட்டயே போய் உண்மைய சொல்லு. அதான் உனக்குப் பரிகாரம்" என்றார் பாதர்.

"வேல பூடும் பாதர்."

"அவருக்கு நாடே போகப்போகுதேப்பா."

வெள்ளிக்கிழமை காலை, அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஜெரால்ட் திரும்பினார். "சார். நோ பெஸ்டிவல் சார்."

"இன்று இல்லையா?"

"எந்த நாளும் இல்ல சார்." குடம், சாவு, இரும்பு லாரி என ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். கடைசியில் வாடை. "பெர்டிலைசர் இல்ல சார். அது இன்னான்னு எங்களுக்கே தெர்ல. அத்த கேட்டுதான் அன்னிக்கி குந்துனாங்க."

ஹென்றி சார் கத்தவில்லை. தம் வாழ்க்கையில் கண்ட அத்தனை திருவிழாக்களையும் ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டிருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்தப் பூ ஊர்வலத்தில் நான் கைதட்டினேனே" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே அதிகாரி ஓர் அம்மாள். கூடவே உள்ளே போன ஜெரால்ட் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இவரு போராட்டத்துக்கு வரல. சாமி கும்பிட வந்தாரு."

"ஆமா மேடம். செருப்பக் கூட கயட்டிட்டுதான் போனாரு. ஷூ கார்ல இருந்திச்சி. நானே சாட்சி."

அதிகாரி மேசைக்குக் கீழே எதையோ தேடினார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. சாரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். இனி எந்தக் கும்பலின் பக்கமும் அவர் தலை தெரியக் கூடாது என்றார். மார்லீன் மேடம் தட்டுகளைத் திரும்ப எடுத்து வைத்தார். ஃபிரிட்ஜ் கேட்டவர் வாழ்த்து அனுப்பினார். ஜெரால்டை வேலையைவிட்டும் அனுப்பவில்லை. இனிமேல் உண்மையை மட்டும் சொல்ல வேண்டும் என்று சார் உத்தரவு போட்டதோடு சரி.

இங்கே முடிந்திருந்தால் ஜெரால்ட் கேக் சாப்பிட்டிருப்பார். ஆனால் விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. "திருவிழா என்று நினைத்து மறியலில் உட்கார்ந்த வெள்ளைக்காரர்" என்று அதே செல்போன்கள் இப்போது சிரித்தன. வாடையைப் பற்றி எல்லோரும் மறந்தார்கள். சார் காப்பாற்றப்பட்டார், ஜனங்கள் கேலிப்பொருளானார்கள்.

சாரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மாசானத்தின் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போன ஜெரால்டை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க பிள்ளைக மூச்சு முட்டிக் கிடந்தது ஒமக்குத் திருவிழாவா வே?"

"எம்பொண்ணும்தான் அண்ணாத்த இருமுது."

"அப்ப நீரும்லா வந்து உக்காந்திருக்கணும். வண்டிக்குள்ள என்ன வேல?"

ஜெரால்டால் ட்ராபிக் என்று கூடச் சொல்ல முடியவில்லை.

சில வாரம் கழித்து, அதே நெடுஞ்சாலை. கார் நின்றது. எதிரே பெருங்கும்பல். மேளச் சத்தம்.

"ஜெரால்ட். உண்மையைச் சொல்."

"பெஸ்டிவல் சார்."

"ஜெரால்ட்!"

"அம்மா சத்தியமா பெஸ்டிவல் சார்! அதோ சாமி வருது பாருங்க!"

பார்ப்பதற்கு சார் சீட்டில் இல்லை. விசாவின் மீது அவருக்கிருந்த பற்று அவரைச் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே, முழங்கால் மோவாயில் இடிக்க, மடக்கி வைத்திருந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மாசானம். தோளில் துண்டு, கையில் பிரசாதக் கூடை.

"உள்ள யாரு?"

ஜெரால்ட் கண்ணாடியை இறக்கினார். "யாரும் இல்ல அண்ணாத்த. காலி வண்டி."

மாசானம் பின்சீட்டை ஒரு பார்வை பார்த்தார். கதவோரம் ஒரு ஜோடி ஷூ கழற்றி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கூடையிலிருந்து தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் எடுத்து நீட்டினார். பிறகு இன்னொரு தொன்னையும் எடுத்து நீட்டினார்.

"அடுத்த வாரம் திரும்ப உக்காரப்போறோம்" என்றார். "ஒமக்கு அன்னைக்கு லீவு உண்டுமா?"

"கேக்குறேன் அண்ணாத்த."

கூட்டம் கடந்தது. ஜெரால்ட் ஒரு தொன்னையைப் பின்னால் நீட்டினார். கீழேயிருந்து சிவந்த கை ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம். பிறகு குரல்:

"ஜெரால்ட், இது என்ன வாசனை?"

ஜெரால்ட் மூக்கை உறிஞ்சினார். மனசாட்சிக்கு உட்பட்டு, இரண்டையும் பிரித்துப் பார்த்தார்.

"ஒண்ணு நெய்யி சார். இன்னொண்ணு பெர்டிலைசர் இல்ல."